போக ஏழு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவை முதன்முறையாக விமானத்தில் அனுப்புகிறேன். சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பட்டு காலை 6.00க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 9.00க்குக் கிளம்பி 10.35க்கே சென்னை வந்துவிடுகிறது. எதை நம்புவது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டையுமே நம்பலாம். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம், சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது அதைக் கழியுங்கள், 4 மணி 15 நிமிடம். வரும்போது கூட்டுங்கள், 4 மணி 5 நிமிடம். அவ்வளவுதான் பயணம்.

தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850, 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானத்துக்கு மூன்றரை மணி நேரம்கூட ஆகக் கூடாதே என்று தோன்றும், ஆனால் அந்த வேகம் உயரத்துக்குப் போன பிறகுதான், டிக்கெட் கணக்கோ இங்கே நிற்கும் இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்க முறை வருவது எல்லாம் அதில் சேர்த்தி.

இன்னொன்று, சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் சுமார் 94 நிமிடம்தான் வித்தியாசம். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது, அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான் இடைவெளி. அதனால்தான் அங்கே விடிவதே ஏழு மணி வாக்கில். அம்மா இறங்கும்போது இன்னும் இருட்டாக இருக்கும், அவர் உடம்புக்கு அது அதிகாலை மூன்றரை. பயந்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தங்கையை நேரத்தோடு வந்து நிற்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றால் அன்றைக்கு எந்த நேரத்தில் எடுப்பது என்று டாக்டரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். அப்புறம், திரும்பி வரும் இரவு 10.35ஐ நம்பி நள்ளிரவு ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டாம். குடிநுழைவு வரிசை, பெட்டி, மீனம்பாக்கத்திலிருந்து எழும்பூர் போவது, அந்த வயதில் இந்த ஓட்டம் தேவையே இல்லை.

கேள்வி: டெல்லியிலிருந்து டோக்கியோ போக எட்டு மணி நேரத்துக்குள், திரும்பி வர ஒன்பதரைக்கு மேல். நேர வித்தியாசத்தைக் கழித்த பிறகும் இப்படித்தான் வருகிறது. ஏன்?
- வாசகர், ஓசூர்

பதில்: காற்றுதான். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்றோட்டம் ஒன்று இருக்கிறது, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே சில நாட்கள் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். டோக்கியோ போகும்போது அது பின்னாலிருந்து தள்ளுகிறது, திரும்பும்போது எதிரில் நிற்கிறது, சுமார் 5,900 கிலோமீட்டர் தூரத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இதை பலூன் விட்டு அளந்து முதலில் பதிவுசெய்தவர்களில் ஒருவர் ஜப்பானின் வசபுரோ ஓயிஷி. உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926இல் எஸ்பெராண்டோவில், அதாவது எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்டு, ஆனால் சிலரே கற்றுக்கொண்ட மொழியில், அறிக்கை எழுதினார், அதனாலேயே வெளியே பெரும்பாலோர் அதைப் படிக்கவில்லை, எனக்கு இன்றும் வருத்தம் தருகிற விஷயம் அது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தத் தடத்தில் இந்தக் காற்றின் தொல்லை இல்லை.