லேப்டாப் திரை, டிஸ்க் தொல்லைகள்: கேட்டதும் சொன்னதும்

திருப்பூரிலிருந்து: அண்ணா, பனியன் கம்பெனிக் கணக்கு பார்க்கிற லேப்டாப்புங்க. மூடியை அசைத்தால் திரையில் கோடு கோடாக வருது. கடையில் டிஸ்ப்ளேயையே மாற்றணும் என்கிறார்கள்.

பதில்: காசு கொடுப்பதற்கு முன்னால் எச்டிஎம்ஐ ஒயரில் டிவியோடு இணைத்துப் பாருங்க. டிவியிலும் கோடு வந்தால் கோளாறு படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் பக்கம். பேனலை, அதாவது திரைப் பலகையை, மாற்றிப் பயனில்லை. டிவியில் சுத்தமாகத் தெரிந்தால் பேனல் அல்லது அதற்குப் போகும் கேபிள். மூடியை அசைத்தால்தான் வருகிறது என்பதால் எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம். கீல் வழியாகப் போவதால் திறந்து மூடியே நைந்துபோகும். முதலில் அதைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

ஈரோட்டிலிருந்து: திரை விட்டு விட்டு மினுக்குதுங்க.

பதில்: கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரை (என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸ் ஜன்னல்) திறங்க. அதுவும் மினுக்கினால் கோளாறு டிஸ்ப்ளே டிரைவரில், அதாவது திரையை இயக்க விண்டோஸுக்கு உதவும் நிரலில். அது மட்டும் நிலையாக நின்றால் ஏதோ ஒரு சாஃப்ட்வேர்.

பொள்ளாச்சியிலிருந்து: ஆன் ஆகுது, விண்டோஸ் சத்தமும் கேட்குது, திரை மட்டும் கறுப்பு.

பதில்: இருட்டில் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடிங்க. படம் மங்கலாகத் தெரிந்தால் பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கு, வேலை செய்யவில்லை.

நாமக்கல்லிலிருந்து: ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக்கென்று சத்தம், ஃபைல் திறக்கவும் நேரமாகுதுங்க. டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் செக்டிஸ்க் ஓட்டலாமா? பொண்ணு கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கு.

பதில்: ஓட்டவே ஓட்டாதீங்க. மோசமான செக்டாரை (டேட்டா பதியும் சின்னக் கட்டம்) தேடும் செக்டிஸ்க், டிஸ்க் முழுவதையும் படிக்கும். சாகக் கிடக்கிற டிஸ்க் அந்தப் பாரத்திலேயே போய்விடலாம். இன்றைக்கே வெளி டிரைவ் ஒன்றை மாட்டி, கல்யாண போட்டோவை முதலில் எடுங்க, அப்புறம் மற்றது. சினிமா, பாட்டு எல்லாம் கடைசி. நடுவில் சத்தம் பெருத்தாலோ பழைய டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியாமல் போனாலோ உடனே அணைத்துவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்க. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்த்தால் மீட்பதே கஷ்டமாகிவிடும். எல்லாம் எடுத்த பிறகு டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டார்) எண்ணைப் பாருங்க. பூஜ்யம் இல்லையென்றால் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதீங்க. பூஜ்யமாகவே இருந்தாலும், சத்தம் போட்ட டிஸ்க்கை நான் நம்பமாட்டேன்.

கோவையிலிருந்து: டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்பவும் 100% காட்டுது. வைரஸா அண்ணா?

பதில்: ஒரு தடவை ஸ்கேன் பண்ணிடுங்க. ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடினால் பெரும்பாலும் இப்படித்தான். அதற்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத டிஸ்க்) மாட்டுங்க, பழைய லேப்டாப்பும் சுறுசுறுப்பாகிவிடும்.

அதே கோவைக்காரர்: எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) பண்ணணுங்களா?

பதில்: வேண்டாங்க. எஸ்எஸ்டிக்கு வேண்டிய டிரிம்மை (அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று அதற்குச் சொல்வது) விண்டோஸே செய்துகொள்ளும்.