லாரிகளுக்கு அஞ்சிக் கிளைச்சாலையில் செல்வது சரியா?

விரைவுச்சாலையில் லாரிகள் ஒட்டிக் கடக்கும்போது ஸ்டியரிங் பிடித்த கைகள் நடுங்குகின்றன என்றும், 120 கி.மீ. தொலைவிலுள்ள பெற்றோர் வீட்டுக்கு இனிக் கிளைச்சாலைகளிலேயே போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். பதற்றத்தோடு ஓட்டுவதைவிட, நேரம் கூடினாலும் நிதானமாக ஓட்டுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அமைதியான சாலை என்பதாலேயே அது பாதுகாப்பான சாலை ஆகிவிடாது. விரைவுச்சாலையில் எதிர்த்திசை வண்டிகளை நடுத்தடுப்பு பிரித்துவிடுகிறது. கிளைச்சாலையிலோ வளைவுக்கு அப்பால் முந்திக்கொண்டு வரும் காரும், பின்விளக்கு இல்லாத டிராக்டரும், சாலையின் குறுக்கே நிற்கும் மாடும் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறோம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் ஓடிவிடும், வண்டி நிற்பதற்கு அதற்கு மேலும் இடம் வேண்டும். ஆகவே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 72 நிமிடங்களில் முடிகிற பயணம், சராசரி 50 கி.மீ. வேகத்தில் 144 நிமிடங்கள் எடுக்கும் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடும்படி முன்கூட்டியே புறப்படுங்கள். கூகுள் மேப்ஸில் நெடுஞ்சாலைகளைத் தவிர்க்கும் வசதி இருக்கிறது. எனினும் அது சில வேளைகளில் மிகக் குறுகிய பாதைகளிலும் கொண்டுபோய் விடும் என்பதால், முழு வழியையும் வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.