பச்சைக் காப்பிக்கொட்டையை வீட்டில் வறுக்கலாமா?

பினாங்கில் இருந்துகொண்டு, சிறு விவசாயிகளின் பச்சைக் கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. எந்தத் தோட்டம், எப்போது அறுவடை, விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். ஜொகூரில் விளையும் லைபீரிகா வகைக் காப்பிக்கொட்டை கிடைத்தால் விடாதீர்கள், லேசாகப் பலாப்பழம் மணக்கும்.

இரும்புச் சட்டி போதும். 200 கிராம் போட்டு, கை ஓயாமல் கிளறுங்கள். முதலில் புல் வாசனை, பிறகு ரொட்டி வாசனை, அப்புறம் சோளப்பொரி மாதிரி படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கியதும் இறக்கி, முறத்தில் கொட்டி விசிறி முன் ஆற்றுங்கள். தோல் பறக்கும், அதனால் வாசலில் செய்வது வீட்டுக்கு நல்லது! ஒரு நாள் விட்டு அரையுங்கள். கோப்பிக்கடைக் காப்பியின் கருப்பு நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். அது சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் வருவது.