மனதளவில் கணவரைச் சார்ந்திருக்காமல் இருந்தால் திருமண வாழ்க்கை நன்றாக இருக்குமா?

இருக்கும். ஆனால் "உன் வழி உனக்கு, என் வழி எனக்கு" என்று இருப்பதைத்தான் கேட்கிறீர்கள் என்றால், அது வேறு விஷயம்.

என் கணவருக்கு விற்பனைப் பிரிவில் வேலை. மாதக் கடைசியில் டார்கெட் முடியவில்லை என்றால், வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டை ஃபிரிட்ஜ் மேல் வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். காபி கொடுத்தால் "ம்". தோசை போதுமா என்றால் அதற்கும் "ம்". கல்யாணமான புதிதில் அந்த "ம்" என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. காலையில் ஏதாவது சொல்லிவிட்டோமா, மாமியாருக்கு போன் பண்ண மறந்துவிட்டோமா என்று மனசுக்குள் ஒரு விசாரணைக் கமிஷனே ஓடும். இப்போது "ஆபீஸ் விஷயமா?" என்று ஒரு தடவை கேட்பேன். தலையாட்டினால் சரி, மொட்டைமாடிக்குப் போய்ச் செடிகளைப் பார்ப்பேன். பெரும்பாலும் ராத்திரி பாத்திரம் கழுவும்போது அவரே பக்கத்தில் வந்து நின்று மேனேஜரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இதைத்தான் பேசினார். நெருக்கமாகவும் இருக்க வேண்டும், அடுத்தவருடைய பதற்றத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ளவும் கூடாது. பேச்சை முறித்துக்கொண்டு ஒதுங்கிப் போவதை அவர் சுதந்திரமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமே சந்தோஷத்தைக் கொண்டுவந்து கொட்டிவிடும் என்றும் இருக்கக் கூடாது. ஜெர்மனியில் 24,000 பேருக்கு மேல் 15 ஆண்டுகள் திரட்டிய தகவல்களை வைத்து 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. கல்யாணத்தை ஒட்டிக் கொஞ்சம் ஏறும் சந்தோஷம், சராசரியாகப் பார்த்தால், சில ஆண்டுகளில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறதாம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய. அதனால் நமக்கென்று நாலு பேர், நமக்கென்று ஒரு வேலை, முடிந்தால் நம் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். கையில் காசில்லாமல் மனதளவில் சுதந்திரமாக இரு என்று சொல்வது எளிது; மாதக் கடைசியில் பால் கணக்குக்கும் கை நீட்டுபவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் தனியாகவே சமாளிக்க வேண்டும் என்று வீம்பு பிடிக்காதீர்கள். உளவியல் ஆய்வாளர் புரூக் ஃபீனி 2007-ல் வெளியிட்ட ஆய்வு சுவாரஸ்யமானது. தேவைப்படும்போது துணை கை கொடுப்பார் என்று இருப்பவர்கள்தான் தனியாகவும் தைரியமாக இயங்குகிறார்கள். "நீ எல்லாத்துக்கும் என்னையே எதிர்பார்க்கிறே" என்று நழுவுகிற கணவர்களிடம் இதைச் சொல்லுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும்போது ஒரு கஞ்சி வைத்துத் தரச் சொல்வதெல்லாம் சார்ந்திருப்பதில் சேராது.

அடி, மிரட்டல், எந்நேரமும் மட்டம் தட்டுதல் என்று போகிற வீட்டுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே மனதைத் திடப்படுத்திக்கொண்டு பொறுத்துப்போவது தீர்வே இல்லை. பெண்களுக்கான 181 உதவி எண்ணை அழையுங்கள்.

மற்றபடி, நீங்கள் மாறப்போவதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் செய்ததில், இவளுக்கு நம்மேல் அக்கறை விட்டுப்போச்சு என்று நினைத்து, என் தங்கைக்கு போன் போட்டு விசாரித்திருக்கிறார் மனுஷர்.