ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனி வகை) நடத்துகிறவர்களும் தொடங்கப் போகிறவர்களும் கேட்டவை. கம்பெனி பெயருக்கு வரும் கோர்ட் சம்மனையும் அரசுத் தபாலையும் வாங்கிக்கொள்ள, பதிவு செய்த மாநிலத்தில் வைத்திருக்க வேண்டியவர்தான் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்.

கேள்வி: டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் கேட்டரிங் எல்எல்சி நடத்துகிறேன். வீட்டு முகவரியைப் போட்டு நானே ஏஜென்ட்டாக இருக்கலாமா?

பதில்: சட்டப்படி தடையில்லை. டெக்சஸில் தெரு முகவரி வேண்டும், அஞ்சல் பெட்டி எண் மட்டும் செல்லாது. அலுவலக நேரத்தில் தபாலையும் சம்மனையும் வாங்க ஆளும் இருக்க வேண்டும். சிக்கல் இதில்தான். காலை பதினொரு மணிக்கு சம்மன் வந்து கதவைத் தட்டும்போது நீங்கள் ஏதாவது கல்யாணத்தில் சாம்பார் அண்டா பக்கம் நின்றிருப்பீர்கள். முறையாகத் தேடியும் ஏஜென்ட் அகப்படவில்லை என்றால் கம்பெனிப் பதிவுகளைக் கவனிக்கும் மாநிலச் செயலாளர் அலுவலகத்திலேயே சம்மனைக் கொடுத்துவிடலாம். நீங்கள் பதில் போடாவிட்டால் வழக்கு உங்களைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். போதாக்குறைக்கு, பொதுப் பதிவேட்டில் உங்கள் வீட்டு முகவரியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காசு கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். டெலவேர் மாநிலத்தில் பதிந்த எல்எல்சிக்கு ஒரு ஏஜென்ட் ஆண்டுக்கு 50 டாலர் கேட்கிறார், இன்னொருவர் 150. யாரை எடுக்கலாம்?

பதில்: விலையை அப்புறம் பாருங்கள். கோர்ட் தபால் வந்த அன்றே ஸ்கேன் செய்து அனுப்புவார்களா? ஸ்கேனுக்குத் தனிக் காசா? இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? முதலில் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். ‘முதல் ஆண்டு இலவசம்’ என்பவர்களிடம் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஃபெடரல் கோர்ட் வழக்கில் சம்மனுக்குப் பதில் போட பொதுவாக 21 நாள்தான். ஏஜென்ட் கையில் கிடைத்ததிலிருந்தே கணக்கு ஓடும்; அவர் மேசையில் ஒரு வாரம் தூங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னொன்று. ஜூன் 1க்குள் கட்ட வேண்டிய டெலவேர் ஆண்டு வரியை ஏஜென்ட் நினைவூட்டலாம், கட்ட வேண்டியது நீங்கள். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் படிவம் 5472 பற்றியோ பலர் வாயே திறக்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒரே உரிமையாளர் நீங்கள் என்றால், கம்பெனிக்குள் போட்ட முதலீட்டைக்கூட அதில் காட்ட வேண்டும். விட்டால் அபராதம் 25,000 டாலர். இதற்கு ஆடிட்டரைப் பிடியுங்கள்.

கேள்வி: பதிவு டெலவேரில், கடை கலிஃபோர்னியாவில். ஒரு ஏஜென்ட் போதாதா?

பதில்: போதாது, இரண்டு மாநிலத்திலும் வேண்டும். கலிஃபோர்னியாவில் வெளிமாநில நிறுவனமாகத் தனியாகப் பதிய வேண்டும். ஆண்டுக்கு 800 டாலர் வரியும் உண்டு. ஒரே ஒரு கடைக்கு டெலவேர் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கேள்வி: ஏஜென்ட் முகவரியில் வங்கிக் கணக்கு திறக்கலாமா?

பதில்: பல வங்கிகள் ஏற்பதில்லை. தொழில் நடக்கும் இடத்தைக் கேட்பார்கள்.

கேள்வி: டெக்சஸில் ஏஜென்ட்டை மாற்றுவது பெரிய வேலையா?

பதில்: இல்லை. படிவம் 401, கட்டணம் 15 டாலர். புதியவரின் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். பதிவேட்டில் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்த பிறகு பழையவரை நிறுத்துங்கள்.