மிச்சமிருக்கும் செஃபிக்சிம் கட்டிக்கு ஆகுமா?

கேள்வி: வீட்டுக்காரருக்குத் தொடையில் கட்டி, பழுத்து வலிக்கிறது. போன மாதம் எனக்குச் சிறுநீர்த் தொற்றுக்கு எழுதிக் கொடுத்த செஃபிக்சிம் 200 மாத்திரை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைக் கொடுக்கலாமா? சின்ன வயதில் அமாக்ஸிசிலின் குடித்து அவருக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனதாம்.

பதில்: கொடுக்க வேண்டாம். எக்ஸ்பைரி ஆகவில்லை என்றாலும் வேண்டாம். கட்டிக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, அதனிடம் செஃபிக்சிம் எடுபடாது. உங்களுக்கு வந்த மாதிரிச் சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை, டைஃபாய்டை உண்டாக்கும் சால்மொனெல்லா, இந்த மாதிரிக் கிருமிகளுக்குத்தான் அது. செஃபிக்சிம் செஃபலோஸ்போரின் என்ற மருந்துக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை என்றதும் எல்லாவற்றுக்கும் வீரியமானது என்று நினைத்துவிடுகிறார்கள், தோல் தொற்றுக்கோ முதல் தலைமுறையைச் சேர்ந்த பழைய செஃபலெக்சினும் செஃபட்ராக்சிலும்தான் கைகொடுக்கும்.

ஆனால் அதையும் நீங்களே வாங்கிவிடாதீர்கள், ஏனென்றால் அந்த அமாக்ஸிசிலின் தடிப்பு இங்கேதான் குறுக்கே வருகிறது. அமாக்ஸிசிலின் பென்சிலின் வகை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்குச் செஃபலோஸ்போரின் ஒன்றும் செய்வதில்லை, பத்தில் ஒருவருக்கு ஆகாது என்று முன்பு சொன்னது மிகைக் கணக்கு. சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு மருந்துகளின் மூலக்கூறிலும் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பகுதி, அதாவது பக்கச் சங்கிலி, ஒத்துப்போகும்போதுதான். செஃபட்ராக்சிலுக்கும் அமாக்ஸிசிலினுக்கும் அது ஒன்றேதான், செஃபலெக்சினுக்கும் கிட்டத்தட்ட அப்படியே. செஃபிக்சிமுக்கு வேறு. அதாவது கட்டிக்குப் பொருத்தமான மருந்துதான் இவருக்கு ஆகாமல் போக வாய்ப்பு அதிகம்! அப்போது வெறும் தடிப்போடு நின்றதா, முகம் வீங்கி மூச்சுத் திணறியதா என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர் மருந்தை மாற்றுவார்.

இன்னொன்று, சீழ் கோத்த கட்டிக்கு முதல் வைத்தியம் மாத்திரையே இல்லை, கீறிச் சீழை வெளியேற்றுவதுதான். சின்னக் கட்டி என்றால் அதோடு ஆறிவிடுவதும் உண்டு. நீங்களே பிதுக்காதீர்கள். காய்ச்சல் வந்தாலோ, சுற்றிச் சிவப்பு பரவினாலோ, அவருக்குச் சர்க்கரை இருந்தாலோ இன்றைக்கே போய்விடுங்கள். கட்டி அடிக்கடி வருகிறது என்றால் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

சரி, உங்களுக்கு ஏன் மாத்திரை மிச்சமானது? கடையில் முழு அட்டையாகக் கொடுத்திருந்தால் பரவாயில்லை. எரிச்சல் நின்றதும் நீங்களாக நிறுத்தியிருந்தால், எரிச்சல் திரும்புகிறதா என்று கவனியுங்கள், திரும்பினால் மிச்சத்தை விழுங்காமல் முதலில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் சோதனைக்குக் கொடுங்கள்.