வாய்க்கால் ஓர வேலியைக் கைவிடக் கையெழுத்துக் கேட்கிறார்கள்

கேள்வி: காஞ்சிபுரம் மாவட்டத்தில் புதிய மனைப்பிரிவு ஒன்றில் மனை வாங்கியிருக்கிறேன். கிழக்கு எல்லையில் ஏரியின் உபரிநீர் வாய்க்கால் ஓடுகிறது. அந்த எல்லை நெடுகக் கம்பி வேலி அமைக்க வேண்டும் என்பது அங்கீகார நிபந்தனை. கல்கால் நட்டதோடு வேலை நின்றுவிட்டது. வேலியே வேண்டாம் என்று மறுபரிசீலனைக்கு மனு கொடுக்கப்போவதாகக் கூறி, புரமோட்டர் எங்களிடம் சம்மதக் கடிதம் கேட்கிறார். 48 மனைகளில் 36 விற்றுவிட்டன. அவற்றில் 7 மனைகளை ஒரே குடும்பம் வாங்கியிருக்கிறது. என் மகனுக்கு 4 வயது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதுள்ள வடிவில் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் அனுப்பிய நகலில் தேதி இடப்படவில்லை. எந்த வரைபடத்தில் என்ன மாற்றம் என்ற விவரமும் இல்லை. "தேவைப்படும் மாற்றங்களுக்குச் சம்மதம்" என்ற ஒற்றை வரியை வைத்து நாளை பூங்கா இடத்தின் அளவைக்கூட மாற்ற முயலலாம்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட நிபந்தனையைப் புரமோட்டர் தானாகக் கைவிட முடியாது. அதைத் தளர்த்தும்படி அங்கீகாரம் அளித்த அதிகாரியிடம் அவர் மனு கொடுக்கலாம்; ஆனால், எழுத்து மூலமான உத்தரவு வரும்வரை பழைய நிபந்தனை அப்படியே உயிரோடு இருக்கிறது. மனு நிலுவையில் இருப்பது வேலையை நிறுத்தி வைப்பதற்குக் காரணமாகாது.

அடுத்து, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கிறது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலோ பொதுப் பகுதிகளிலோ மாற்றம் செய்ய, புரமோட்டர் நீங்கலாக, ஒதுக்கீடு பெற்றவர்களில் (அதாவது மனை வாங்கியவர்களில்) குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வ முன்சம்மதம் வேண்டும். திட்டத்தின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் தேவையான, பொதுப் பயன்பாட்டிலுள்ள பகுதிகளையும் பொதுப் பகுதி என்றே அச்சட்டம் வரையறுப்பதால், எல்லை வேலியும் அதில் அடங்கும் என்று வலுவாக வாதிடலாம். ஒருவரோ அவர் குடும்பமோ எத்தனை மனை வாங்கியிருந்தாலும் ஒரே ஒதுக்கீட்டாளராகத்தான் கணக்கு. மற்றவர்கள் ஆளுக்கொரு மனை வாங்கியிருந்தால், உங்கள் மனைப்பிரிவில் எண்ணிக்கை 30; தேவைப்படும் சம்மதம் 20. அந்த 7 மனைகளைக் காட்டி 7 சம்மதம் என்று கணக்குச் சொன்னால் ஏற்காதீர்கள்.

அதே சமயம், மறுபரிசீலனை என்பதையே தவறாக நினைக்க வேண்டியதில்லை. கெட்டிச் சுற்றுச்சுவர் கட்டச் சொல்லியிருந்தால், மழைநீர் வடிய வழியில்லாமல் மனைகளில் தேங்கும் என்று கூறிக் கம்பி வேலியாக மாற்றக் கேட்பது நியாயம். வாய்க்காலைத் தூர்வார எந்திரம் வந்துபோக ஒரு கதவு வைக்கக் கேட்பதும் நியாயம். ஆனால் ஐப்பசி மழையில் கரை தளும்ப ஓடும் வாய்க்காலுக்கும் நான்கு வயதுக் குழந்தை விளையாடும் தெருவுக்கும் நடுவே கம்பி கட்டாத கல்கால்கள் மட்டும் நிற்பதை எந்தக் காரணத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், அந்தச் சுமையை உங்கள் தலையில் ஏற்றக் கூடாது.

வேலி எங்கே வர வேண்டும் என்பதையும் இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தின்படி நில அளவரைக் கொண்டு அளந்து, பட்டா நிலத்துக்குள்தான் கால் நட வேண்டும். நீர்வழிப் புறம்போக்கில் நட்டால் அது ஆக்கிரமிப்பாகி, பின்னர் அகற்றப்படும். உங்கள் புகைப்படத்தில் மூன்றாவது கல் கரைச் சரிவிலேயே நிற்பது போலத் தெரிகிறது.

முதல் வேலையாக, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் திட்டப் பக்கத்திலுள்ள அங்கீகார வரைபடத்தைப் பதிவிறக்குங்கள். அங்கீகார உத்தரவின் நகலையும், மறுபரிசீலனை மனு ஏதும் வந்திருந்தால் அதன் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதற்காகக் காத்திராமல், மனை வாங்கியவர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட ஆட்சேபனையை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் சேர்ப்புச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வேலியை முடித்துத் தரக் கோரிப் புரமோட்டருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் வேலை தொடங்காவிட்டால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் ஆணையத்தில் புகார் அளிக்கலாம்.